32ஆம் அத்தியாயத்தில் கரைதட்டும் நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஒக்ரோபர் வாசிப்பு மாதம் வந்தால் பத்திரிகைகளில் உலக நாவல்களின் பட்டியலும் கூடவே வரும். கடல் நாவல் என்ற வரிசையில் ஹேர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ பெரும்பாலும் முதலில் நிற்கும். ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தின் மேல் சபதம் எடுத்துத் துரத்தும் வேட்டைக் கப்பல் தலைவனின் கதை அது. பட்டியல் போடுபவர்கள் அதை எப்படி வாசிப்பது என்று சொல்வதில்லை. எடுப்பவர்கள் 32ஆம் அத்தியாயம் மட்டும் வந்து, திமிங்கில வகைப் பாடத்தில் கரைதட்டி, புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு கிடைக்கிற அறிவுரையும் ஒன்றுதான்: “தொழில் பற்றிய அத்தியாயங்களை விட்டுவிட்டுக் கதையை மட்டும் வாசியுங்கள், இல்லையென்றால் சுருக்கப் பதிப்பை எடுங்கள்.”

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது தலைகீழான அறிவுரை. கயிறு சுருட்டுவது, மண்டா (கயிறு கட்டிய எறிகோல்) எறிவது, பங்கு பிரிப்பது, காற்றுப் பார்ப்பது என்று அந்த நாவலில் பாதிக்கு மேல் தொழில்தான். கடல் பாராத ஊரில் இருப்பவருக்கு அது பாரம். பருத்தித்துறையிலோ மயிலிட்டியிலோ குருநகரிலோ வளர்ந்தவருக்கு அந்தப் பகுதிதான் இலகு. நம்மவருக்குக் கடினமாக இருப்பது கடல் அல்ல, ஆங்கில அகராதி. அதைத் தாண்டுவதற்கான வழியை, முதன்முறை வாசிக்கப் போகிறவர்களுக்காக, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் தந்தால் நன்று.

முதலில் எந்தப் புத்தகத்தை எடுப்பது. பின்பக்கத்தைத் திருப்பி அத்தியாய எண்ணைப் பாருங்கள். முழு நாவலுக்கு 135 அத்தியாயங்கள், அதன் பின் ஒரு முடிவுரை. அத்தியாயம் குறைவாக இருந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது சுருக்கம். முடிவுரை இருக்கிறதா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். 1851 ஒக்ரோபரில் லண்டனில் ‘திமிங்கிலம்’ என்ற பெயரில் 3 தொகுதிகளாக இது முதலில் வெளிவந்தபோது, அந்த ஒரு பக்க முடிவுரை அச்சில் விடுபட்டுப் போனது. மூழ்கிய கப்பலோடு கதை சொல்பவனும் கடலில் போயிருப்பானே, பிறகு யார் இதைச் சொன்னது என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். அடுத்த மாதம் நியூயோர்க்கில் வந்த பதிப்பில் முடிவுரை இருந்தது. ஆனாலும் லண்டன் விமர்சனங்களின் காயம் ஆறவில்லை. மெல்வில் 1891இல் இறக்கும்வரை இந்த நாவல் ஏறத்தாழ 3,200 பிரதிகள்தான் விற்றது. அவர் பிறந்து நூறு ஆண்டு கழிந்த பிறகு, 1920களில்தான் உலகம் அதைத் திரும்ப எடுத்து வாசித்தது.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் ‘புரொஜெக்ட் குட்டன்பேர்க்’ தளத்தில் 2701 என்ற எண்ணைத் தேடினால் முழு ஆங்கில மூலமும் இலவசமாகக் கிடைக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல், ஆகவே தயங்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோப்பு சொல்லாராய்ச்சிக் குறிப்போடும், திமிங்கிலம் பற்றிப் பல நூல்களிலிருந்து எடுத்த நீண்ட மேற்கோள் தொகுப்போடும் தொடங்கும். முதல் வாசிப்பில் அந்த இரண்டையும் தயங்காமல் விட்டுவிடலாம். நாவல் தொடங்குவது இஸ்மவேல் பேசும் இடத்தில்.

வேகம் என்ன? நாளொன்றுக்கு 2 அத்தியாயம். 135ஐயும் முடிவுரையையும் சேர்த்தால் 68 நாள். சில அத்தியாயங்கள் அரைப் பக்கம்கூட இல்லை. பாய்மரத்தின் உச்சியில் ஒருவன் இடிமுழக்கத்தைப் பார்த்து முணுமுணுக்கும் 122ஆம் அத்தியாயம் நான்கு வரிதான். ‘டவுன்-ஹோ’ என்ற கப்பலின் கதையைச் சொல்லும் 54ஆம் அத்தியாயத்துக்கோ தனியே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். வார இறுதியில் ஒரே மூச்சில் 30 அத்தியாயம் என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம் கைவிடுகிறார்கள். இது மூன்று வருடப் பயணத்தின் கதை, அதன் நடையும் அப்படித்தான்.

பெயர்களில் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கு மருந்து தமிழ் வேதாகமம். மெல்வில் பாதிப் பெயர்களை அங்கிருந்துதான் எடுத்தார். கப்பல் தலைவன் ஆகாப், இராஜாக்கள் ஆகமத்தில் வரும் கெட்ட ராஜா. கதை சொல்பவன் இஸ்மவேல், ஆதியாகமத்தில் வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட பிள்ளை. துறைமுகத்தில் எதிர்ப்பட்டுப் புதிராகப் பேசும் கிறுக்கன் எலியா. கப்பலின் பங்காளிகள் பேலேகும் பில்தாத்தும். இறுதியில் பிள்ளையைத் தேடி அலையும் கப்பல் ராகேல். ‘ஏஹாப்’, ‘இஷ்மேல்’ என்று ஆங்கில ஒலியில் எழுதிவைத்தால் இவை வெறும் ஓசை. வேதாகமத் தமிழில் எழுதினால் ஒவ்வொரு பெயரும் தன் விதியைச் சுமந்துகொண்டு வருகிறது. பீற்றர் பேர்சிவலோடு உட்கார்ந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு ஆறுமுக நாவலர் உதவிய மண் இது. சைவர்களும் இந்தப் பெயர்களை எடுத்துப் பார்க்கக் கூச்சப்படத் தேவையில்லை.

முதல் வரியைப் பற்றி ஒரு சொல். “என் பெயர் இஸ்மவேல்” என்று அதைத் தமிழாக்கினால் பிழை. என்னை இஸ்மவேல் என்று கூப்பிடுங்கோ என்கிறான், அவ்வளவுதான். அது அவனுடைய உண்மைப் பெயர் என்று எங்கும் சொல்லவில்லை. நாவல் முழுக்க அந்தச் சந்தேகம் நிற்க வேண்டும்.

பெயர் அட்டை ஒன்று எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். மூன்று மேற்றுகள், அதாவது தலைவனுக்கு அடுத்த அதிகாரிகள்: ஸ்ரார்பக், ஸ்ரப், பிளாஸ்க். மண்டா எறிபவர்கள் மூவர்: ஸ்ரார்பக்கின் வள்ளத்தில் பசுபிக் தீவுக்காரன் குவீகுவெக், ஸ்ரப்பின் வள்ளத்தில் அமெரிக்கப் பூர்வகுடி டாஷ்டிகோ, பிளாஸ்க்கின் வள்ளத்தில் ஆபிரிக்கன் டகூ. பிறகு இரகசியமாக ஏறியிருந்த பார்சிக்காரன் பெடல்லா. இந்த ஏழு பேரையும் ஆகாப்பையும் சோடி பிசகாமல் வைத்திருந்தால் வேட்டைக் காட்சிகளில் யார் எந்த வள்ளத்தில் என்ற குழப்பம் வராது.

முதல் 21 அத்தியாயங்கள் கப்பல் புறப்படுமுன் நடக்கின்றன. கப்பல் புறப்படுவதே கிறிஸ்மஸ் தினத்தில்தான். ஆகாப் தலைகாட்டுவது 28ஆம் அத்தியாயத்தில். இதை இழுவை என்று நினைக்காமல் 16ஆம் அத்தியாயத்தின் பங்குப் பேரத்தைக் கவனியுங்கள். திமிங்கில வேட்டைக் கப்பலில் சம்பளம் கிடையாது. பயணத்தின் நிகர வருமானத்தில் பங்கு. எண் பெரிதானால் பங்கு சிறிது. பில்தாத் இஸ்மவேலுக்கு 777இல் ஒரு பங்கு என்று வேதவசனம் சொல்லிக்கொண்டே பேரம் பேசுகிறான். 300இல் ஒன்று என்று முடிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத குவீகுவெக், மண்டா எறியும் குறியைக் காட்டியதும் 90இல் ஒன்று பெறுகிறான். கைத்திறமைக்கு விலை எவ்வளவு என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடுகின்றன. செலவு கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கி, மிச்சத்தை ஆளுக்காள் பிரிக்கும் முறை தெரிந்த நம்மவருக்கு இங்கே அடிக்குறிப்பு எதற்கு?

இனி கப்பல் சொற்கள். ஆங்கில-தமிழ் அகராதியைத் திறந்தால் “கப்பலின் முற்பகுதி”, “கப்பலின் பிற்பகுதி” என்று வரும். நமக்கு அணியம், கடையார் என்று சொல் இருக்கிறது. அடிமரம் ஏரா. பாய் தொங்கும் குறுக்கு மரம் பருமல். திருப்புவது சுக்கான். கப்பலை நடத்துபவர் தண்டையல். இப்படி இருபது சொல்லை முதலில் ஒரு தாளில் எழுதி, எதிரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுக்கொண்டால் நாவலின் கப்பல் உடனே கண்ணுக்குத் தெரியும். பீகுவொட் என்ற அந்தக் கப்பலுக்கு மூன்று பாய்மரம். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலுக்கு இரண்டு. முன்மரத்தில் குறுக்குப் பருமல்களில் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாட்டுப் பாய். அந்த அமைப்புக்கு பிரிகன்ரைன் என்று பெயர். வீட்டில் அன்னபூரணியின் படம் இருந்தால் அதையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கயிறுகளின் பாதி வேலை அதிலேயே விளங்கும்.

திசைச் சொல்லில் இரண்டு இடங்களில் வழுக்கும். இடம், வலம் என்பது எப்போதும் அணியத்தை நோக்கி நின்றபடி. இடப்பக்கத்துக்கு அந்தக் காலத்தில் ‘லார்போர்ட்’ என்றார்கள். வலப்பக்கத்தின் ‘ஸ்ரார்போர்ட்’டோடு ஒலி குழம்பி விபத்து வருகிறது என்று அமெரிக்கக் கடற்படை 1846இல் அந்தச் சொல்லைக் கைவிட்டு ‘போர்ட்’ என்று மாற்றியது. வேட்டைக் கப்பல்காரர் பழைய சொல்லை விடவில்லை. நாவலிலும் அது தொடர்கிறது. இரண்டாவது வழுக்கல் 23ஆம் அத்தியாயத்தின் ‘லீ ஷோர்’ என்ற தலைப்பு. அகராதி பார்த்து “காற்று மறைவான கரை” என்று எடுத்துக்கொண்டால் அந்த அத்தியாயம் முழுதும் கவிழ்ந்துவிடும். அது காற்று நம்மைக் கொண்டுபோய் மோதவிடும் கரை. வாடை அடிக்கும் மாதங்களில் பருத்தித்துறை தொடங்கிக் காங்கேசன்துறை வரைக்குமான வடகரை அப்படிப்பட்டது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் அதே கரை மறைவு. புயலில் ஒரு கப்பலுக்குப் பெரிய ஆபத்து வீடு இருக்கும் திசைதான், ஏரா ஒருமுறை உரசினாலே முடிந்தது, ஆகவே வீட்டை விட்டு விலகி ஆழத்துக்கு ஓட வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. ஒன்றரைப் பக்க அத்தியாயம். வாடைக் காலத்தில் கரையில் நின்று பார்த்தவருக்கு இரண்டாம் முறை வாசிக்க வேண்டி வராது.

அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும். ‘ஃபதம்’ என்பது நம்முடைய பாகம்தான், 6 அடி. ‘நொட்’ என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், கடல் மைல் 1,852 மீற்றர். எண்ணெய் அளக்கும் ‘பரல்’ முப்பத்தொன்றரை கலன், ஏறக்குறைய 119 லீற்றர். காவல் முறை 4 மணித்தியாலம், அரை மணிக்கொரு மணியடி, எட்டு அடித்தால் முறை மாறும்.

இப்போது அந்த 32ஆம் அத்தியாயம். திமிங்கிலங்களை ஆசிரியர் புத்தக அளவுகளாகப் பிரிக்கிறார். பெரியவை ‘போலியோ’, நடுத்தரம் ‘ஒக்ராவோ’, சிறியவை ‘டுவோடெசிமோ’. அச்சுத்தாளை ஒருமுறை மடித்தால் போலியோ, எட்டு இதழாக மடித்தால் ஒக்ராவோ. நடுவிலுள்ள ‘குவார்ட்டோ’வை ஏன் விட்டார் என்பதற்கும் காரணம் வைத்திருக்கிறார்: ஒக்ராவோ புத்தகம் போலியோவின் வடிவத்தைச் சிறிதாக்கிக் காட்டும், குவார்ட்டோ காட்டாது. திமிங்கிலம் மீன்தான் என்று அடம்பிடிக்கிறார். லின்னேயஸ் என்ற விஞ்ஞானி மீனிலிருந்து அதைப் பிரித்துவைத்ததை மேற்கோள் காட்டிவிட்டே மறுக்கிறார். இது விஞ்ஞானப் பாடம் இல்லை, விஞ்ஞானத்தின் உடுப்பைப் போட்ட பகிடி. கடலை முழுதாக வகுத்துவிடலாம் என்று தொடங்கி, கடைசியில் இந்தக் கட்டடம் முடியாததாகவே நிற்கட்டும் என்று விடுகிறார். சிரித்துக்கொண்டு வாசித்தால் அரை மணியில் முடியும். குறிப்பெடுத்துக்கொண்டு வாசித்தால் மூன்று நாள் போகும், புத்தகமும் போகும். அந்தப் பட்டியலில் ‘கந்தக அடிவயிறு’ என்று ஒன்று வரும். அபூர்வமாகக் காணப்படுவது, யாராலும் துரத்த முடியாதது என்று சில வரியில் கடந்துபோகிறார். அதுதான் நீலத் திமிங்கிலம். இன்று மிரிஸ்ஸவில் சுற்றுலாப் பயணிகள் படகேறிப் பார்க்கும் விலங்கு.

36இலிருந்து 40 வரை ஒரு தொகுப்பு. ஆகாப் 16 டொலர் பெறுமதியான எக்குவடோர் தங்கக் காசைப் பாய்மரத்தில் அடித்துவிட்டு வெள்ளைத் திமிங்கிலத்தின் மேல் சபதம் எடுக்கிறான். அதற்குப் பின் திடீரென்று நாடக மேடைக் குறிப்புகள் வரும், ஒவ்வொருவராக வந்து தனியாகப் பேசுவார்கள். இஸ்மவேலுக்கு இது எப்படித் தெரியும் என்று பலர் மலைக்கிறார்கள். நாட்டுக்கூத்தில் வரவு விருத்தம் பாடுகிறவனிடம் அப்படிக் கேட்பதுண்டா? கூத்துப் பார்க்கும் கண்ணோடு, வாய்விட்டு வாசியுங்கள். 40ஆம் அத்தியாயத்தில் பல தேசத்து மாலுமிகளும் ஒவ்வொரு வரி பேசும்போது, ‘லஸ்கர்’ என்று குறிப்பிடப்படும் நம் பக்கத்துக் கடலோடி பிரம்மா மேல் ஆணையிட்டு, கங்கையே காற்றாகி வருகிறது, சிவன் கரிய புருவம் காட்டுகிறான் என்பதாகச் சொல்லிப் பாயை இறக்கச் சொல்வான். கப்பலில் காற்றை முதலில் மணந்து பிடிப்பவர்களில் அவன் ஒருவன்.

நாவலின் இருதயம் 60 முதல் 63 வரை. இதைத்தான் சுருக்கப் பதிப்புகள் வெட்டுகின்றன.

60ஆம் அத்தியாயம் ஒரு கயிற்றைப் பற்றியது. தடிப்பு ஓர் அங்குலத்தின் மூன்றில் இரண்டு பங்கு, பார்த்தால் நம்ப முடியாத மெல்லிசு. 51 இழைகள், ஒவ்வொன்றும் 120 இறாத்தல் தாங்கும், மொத்தத்தில் ஏறக்குறைய 3 தொன். நீளம் 200 பாகத்துக்கு மேல், அதாவது 1,200 அடி. முன்பு சணலில் திரித்தார்கள். சாதாரணக் கப்பற்கயிற்றுக்குப் போல் தாரில் தோய்ப்பதில்லை, தார் ஆவி மட்டும் காட்டுவார்கள். தார் ஊறினால் கயிறு விறைத்து, நெருக்கமாகச் சுருளாது. பிறகு மணிலா நார் வந்தது. அது இன்னும் உறுதி, இழுபடவும் செய்யும். கயிற்றை வள்ளத்தின் பின்புறத் தொட்டியில் வட்டம் வட்டமாக அடுக்க வேண்டும். ஒரு முறுக்கு மிஞ்சினாலும், ஓடும்போது யாருடையவாவது கையையோ காலையோ முழு உடம்பையோ கொண்டுபோகும். அதனால் சில மண்டாக்காரர் கயிற்றை உயரே பாய்மரத்துக்குக் கொண்டுபோய், கப்பி வழியாகத் தொட்டிக்கு இறக்கி, முறுக்கெல்லாம் கழற்றி அடுக்குவதிலேயே ஒரு காலைப்பொழுதைக் கழிப்பார்கள்.

கயிற்றின் அடிநுனியைத் தொட்டியில் கட்டுவதில்லை. விளிம்புக்கு வெளியே சும்மா தொங்கவிடுவார்கள். காரணம் இரண்டு. திமிங்கிலம் ஆழத்துக்கு இறங்கிக் கயிறு போதாமல் போனால் பக்கத்து வள்ளத்தின் கயிற்றை அதில் முடியலாம். அடுத்தது உயிர்க் காரணம். நுனி கட்டியிருந்து, கயிறு முழுதும் ஓடி முடிந்தால், வள்ளமும் ஆட்களும் கூடவே அடிக்குப் போக வேண்டியதுதான். தொட்டியிலிருந்து கயிறு நேரே முன்னுக்குப் போவதில்லை. முதலில் கடையாருக்குப் போய் அங்குள்ள கட்டையில் சுற்றி, பிறகு தண்டு வலிப்பவர் ஒவ்வொருவரின் தண்டின் மேலாலும் இருபக்கமும் மாறி மாறி அணியத்துக்கு வந்து, அங்கே உள்ள பிளவால் வெளியே போகிறது. ஆறு பேரும் அந்தக் கயிற்றின் கண்ணிகளுக்குள்தான் இருக்கிறார்கள். வள்ளத்தின் பலகையோ அரை அங்குலம்.

இதை வாசிக்காமல் 61ஆம் அத்தியாயத்தின் வேட்டைக்குப் போனால், ஸ்ரப் ஏன் “கயிற்றை நனை” என்று கத்துகிறான் என்பது விளங்காது. கட்டையைச் சுற்றி ஓடும் கயிறு உராய்ந்து புகைகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவன் தொப்பியைக் கழற்றி அதில் கடல் நீர் அள்ளி ஊற்றுகிறான். வாசித்துவிட்டுப் போனால் அந்த ஒரு வரியே போதும், நெஞ்சு அடிக்கும். அதைவிட முக்கியம், ஆட்களை இந்தக் கயிறு என்ன செய்யும் என்பதை ஆசிரியர் இங்கேயே சொல்லிவிட்டார். 75 அத்தியாயம் கழித்து அது நடக்கும்போது விளக்க நேரமிருக்காது, அரை வரியில் முடிந்துவிடும். கயிற்றுப் பாடத்தை வெட்டிய சுருக்கத்தில் முடிவு ஏதோ தற்செயல் விபத்தாகத் தெரியும்.

மண்டாதான் திமிங்கிலத்தைக் கொல்கிறது என்பது முதல் வாசகர் எல்லோரும் செய்யும் தவறு. மண்டா பிணைக்கிறது, அவ்வளவே. கொல்வது ஈட்டி. மண்டா எறிந்தவன் பின்னால் ஓடி வழிகாட்டும் தண்டைப் பிடிக்க, பின்னால் இருந்த மேற் முன்னால் வந்து ஈட்டியை எடுக்கிறான். ஓடும் வள்ளத்தில் இப்படி இடம் மாறுவது முட்டாள்தனம் என்று 62ஆம் அத்தியாயத்தில் ஆசிரியரே சண்டை பிடிக்கிறார். இன்னுமொரு குறை சொல்கிறார்: மண்டாக்காரன் அதுவரை முன் தண்டை முழு மூச்சோடு வலித்து, கத்தி, களைத்து, பிறகு எழுந்து எறிய வேண்டியிருக்கிறது. 50 நல்ல வாய்ப்பில் 5 எறிகூடப் படுவதில்லை என்பதற்கு அதுதான் காரணமாம். 63இல் இரண்டாம் மண்டா. இரண்டும் ஒரே கயிற்றில் பிணைந்தவை. முதலாவது பட்டவுடன் திமிங்கிலம் பாய்ந்தால், இரண்டாவதை எறிய நேரமில்லாவிட்டாலும் எப்படியாவது கடலில் தள்ளிவிட வேண்டும். வள்ளத்துக்குள் இருந்தால் கயிறு இழுக்க அது ஆளை வெட்டும். கடலில் போட்டாலும் கூரிய முனையோடு ஆடிக்கொண்டு கயிறுகளைச் சிக்காக்கும். திருக்கைக்கோ ஆமைக்கோ மண்டா எறியும் முறை அறிந்தவர்கள் இந்தப் பக்கங்களை எங்களைவிட நன்றாக வாசிப்பார்கள். அவர்களிடம் இந்தப் பகுதியை யாராவது தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

எண்ணெய் காய்ச்சும் 96ஆம் அத்தியாயத்தையும் விடாதீர்கள். மரக்கப்பலின் தளத்தில் செங்கல் அடுப்பு, 10 அடிக்கு 8 அடி, உயரம் 5 அடி, இரண்டு பெரிய கிடாரம். தளம் எரியாமல் அடுப்பின் கீழ் முழுக்கத் தண்ணீர்த் தட்டு. முதல் நெருப்புக்குத்தான் விறகு. பிறகு கொழுப்பை உருக்கி எஞ்சிய சக்கையே எரிபொருள், திமிங்கிலம் தன்னைத் தானே எரித்துக்கொள்கிறது.

89ஆம் அத்தியாயம் சட்டம். பிணைத்த மீன் பிணைத்தவனுடையது, பிணைக்காத மீன் முந்திப் பிடிக்கிறவனுடையது. இரண்டே விதி. அதை வைத்துக்கொண்டு 1492இல் அமெரிக்கா என்ன, இங்கிலாந்துக்கு இந்தியா என்ன, எல்லாம் பிணைக்காத மீன்தானே என்று கேட்டுவிட்டுப் போகிறார். வடகடலில் யாருடைய மீனை யார் அள்ளுகிறார் என்று நாளாந்தம் செய்தி வாசிக்கும் நமக்கு இந்த அத்தியாயத்தை யாரும் சிபாரிசு செய்யவில்லை என்பது ஆச்சரியம்.

எதை விடலாம் என்றும் கேட்பார்கள். திமிங்கிலப் படங்களைத் திருத்தும் 55 முதல் 57 வரை, புதைபடிவம் பற்றிய 104, இவற்றை முதல் முறை மேலோட்டமாகப் புரட்டலாம். வெண்மை பற்றிய 42ஐ மட்டும் களைத்த இரவில் தொடாதீர்கள். காலையில் வாசியுங்கள்.

ஒரு பாடசாலை அட்லஸ் அருகில் இருந்தால் பாதையைப் பென்சிலால் போடலாம்: நன்ரக்கெற், அசோரஸ், பிளேற் நதிமுகம், நன்னம்பிக்கை முனை, குரோசே தீவுகள், சுந்தா நீரிணை, யப்பான், கடைசியில் நிலநடுக்கோட்டருகே பசுபிக். இந்து சமுத்திரத்தில் நமக்குத் தெற்கே வெகுதூரத்தில் கப்பல் கடந்துபோகிறது, இலங்கைக்கு வரவில்லை. ஆனால் புறப்பட்ட கரை நமக்குப் புதிதல்ல. நன்ரக்கெற்றும் நியூ பெட்போர்ட்டும் மசாசூசெற்ஸ் மாநிலம். அதே மாநிலத்தின் நியூபரிபோர்ட்டிலிருந்து 1815 ஒக்ரோபரில் ‘டிரையட்’ என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டவர்கள்தான் அடுத்த வருடம் வந்து அமெரிக்க மிஷனைத் தொடங்கி, பிறகு வட்டுக்கோட்டையில் செமினரி வைத்தார்கள். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடி அன்னபூரணி, கை மாறிப் பெயரும் மாறி, நம்மூர் மாலுமிகளோடு 1938இல் போய்ச் சேர்ந்த குளொஸ்ரர் துறைமுகமும் அங்கேதான். அட்லஸில் இந்த இரண்டு ஊர்களும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கும்.

நூலில் உள்ளதெல்லாம் உண்மை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஸ்பேர்ம் திமிங்கிலம் 85, 90 அடி வளரும் என்கிறார். பெரிய ஆண் 50, 60 அடியைத் தாண்டுவது அரிது. எவ்வளவு வேட்டையாடினாலும் இனம் குறையாது என்று 105இல் வாதிடுகிறார். அது எவ்வளவு பிழை என்பதை 20ஆம் நூற்றாண்டின் இயந்திர வேட்டை காட்டியது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமானது, 1986இலிருந்து வணிக வேட்டைக்கே உலகளாவிய தடை. ஸ்பேர்ம் திமிங்கிலம் இன்றும் திருகோணமலைக்கு வெளியே நீர் சடுதியில் ஆழமாகும் இடத்தில் வருகிறது. கப்பலை மோதி மூழ்கடித்தது மட்டும் கற்பனை அல்ல. 1820 நவம்பர் 20இல் ‘எசெக்ஸ்’ என்ற நன்ரக்கெற் கப்பல் அப்படித்தான் பசுபிக்கில் போனது. அதன் மேற் எழுதிய விவரத்தை மெல்வில் வாசித்திருந்தார்.

100ஐத் தாண்டியபின் வேகம் தானாகக் கூடும். பயணத்தில் எதிர்ப்படும் கப்பல்கள் ஒன்பது. ஒவ்வொன்றிடமும் ஆகாப் கேட்பது ஒரே கேள்வி, வெள்ளைத் திமிங்கிலத்தைக் கண்டீர்களா என்று. பெயர் அட்டையின் பின்புறத்தில் ஒன்பதின் பெயரையும் அவை சொன்ன பதிலையும் எழுதுங்கள், ஆகாப் எங்கே மனிதனாக இருப்பதை நிறுத்துகிறான் என்று தெரியும். 118இல் அவன் சூரியனை அளக்கும் கருவியை மிதித்து உடைப்பதையும், 124இல் மின்னலால் திசைகாட்டி முள் தலைகீழாகிவிடத் தானே புதிய முள் செய்வதையும், 125இல் வேகம் பார்க்கும் கயிறு உக்கி அறுவதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தண்டையல் இப்படி ஒன்றொன்றாக இழந்துகொண்டு போகிறார் என்றால் கரையில் நிற்கிறவருக்கே வயிறு கலங்கும். கடைசி மூன்று அத்தியாயங்களையும் மட்டும் நாளுக்கு இரண்டு என்ற கணக்கைவிட்டு ஒரே இருப்பில் முடிக்கலாம்.

கடைசியாகப் பத்திரிகைக்கே ஒரு வேண்டுகோள். அம்பருடன் கைது என்று வரும் செய்திகளில் எல்லாப் பத்திரிகைகளும் ‘திமிங்கில வாந்தி’ என்று தலைப்பிடுகின்றன. அது வாந்தி அல்ல, ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது. 91ஆம், 92ஆம் அத்தியாயங்களில், செத்து மிதந்த திமிங்கிலத்தின் வயிற்றை வெட்டி அதை எடுக்கிறார்கள். உள்ளே வட்டமாகக் கடினமான துண்டுகள் இருக்க, யாரோ மாலுமியின் காற்சட்டைப் பொத்தான் என்று ஸ்ரப் நினைக்கிறான். பார்த்தால் கணவாயின் எலும்புத் துண்டு. நம்முடைய சித்த மருத்துவத்தில் அதற்கு மீனம்பர் என்று பெயர் இருக்கிறது. அடுத்த முறை தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், இரண்டு சொல்லை விட இடமும் மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடமராட்சி.